மணி ஒலித்த பின்னர்

பங்குனி மாதத்து நண்பகல். மணி ஒன்றேகால். பள்ளியின் நீண்ட மணி ஒலித்து ஓய்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத் தாள் முடிவுற்றது. மூன்று மணி நேரம் தலை நிமிராமல் எழுதிய பிள்ளைகள், விரல்களில் மைக்கறையோடும் கண்களில் கூச்சத்தோடும் வெளியே வருகின்றனர். வாயிலுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் பெற்றோர் காத்து நிற்கின்றனர். பிள்ளைகளோ பெற்றோரிடம் செல்வதில்லை. ஒருவரையொருவர் தேடிச் செல்கின்றனர். மைதானத்து நடுவில், வெயிலைப் பொருட்படுத்தாமல், ஒரு வட்டம் கூடுகிறது. "முதல் கணக்குக்கு என்ன எழுதினாய்?" என்று ஒருவன் தொடங்குகிறான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணித ஆசிரியனாய்ப் பணியாற்றிய எனக்கு அந்த வட்டம் மிகவும் பழக்கமானது. நானும் என் மாணவப் பருவத்தில் அதில் நின்றிருக்கிறேன். பின்னர் ஆசிரியனாக அதன் நடுவிலும் நின்றிருக்கிறேன். அப்படி நின்றதனால் விளைந்த ஒன்றைக் கடைசியில் சொல்லுகிறேன். அதற்கு முன்பாக, அந்த வட்டத்தில் நடப்பது என்னவென்று பெற்றோராகிய நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

நெடுங்கணக்குகளைப் பற்றி அங்கே எவரும் அதிகம் பேசுவதில்லை. ஐந்து மதிப்பெண் கணக்கில் விடை தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைக்கும் என்ற ஆறுதல் உண்டு. பேச்செல்லாம் முதற் பகுதியைப் பற்றியதே. இப்போதுள்ள வினாத்தாள் அமைப்பில் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கீழே அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். ஏற்புடையதைத் தேர்ந்து, குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் மதிப்பெண் இல்லை. ஆகவே அது இருந்தால் முழுமை, இல்லையேல் சுழி. நடுவழி கிடையாது. இந்தத் தன்மைதான் பிள்ளைகளை அந்த வட்டத்துக்குள் இழுக்கிறது.

வட்டத்தில் விடைகள் எப்படி முடிவு செய்யப்படுகின்றன என்பதைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். ஆறாம் வினாவுக்கு ஏழு பேர் 'ஆ' என்பார்கள். இருவர் 'இ' என்பார்கள். ஒருவன் மௌனமாக இருப்பான். உடனே 'ஆ'தான் சரி என்று தீர்ப்பாகிவிடும். 'இ' எழுதிய இருவரின் முகம் வாடும். வகுப்பில் முதல் மாணவன் என்று பெயர் பெற்றவன் 'இ' என்று சொல்லியிருந்தாலோ, அந்த ஏழு பேரும் ஒரே நொடியில் அழத் தொடங்குவர். கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பவர் அரிது. வாக்கெடுப்பு, அல்லது பெரியவர் வாக்கு. இவ்விரண்டில் ஒன்றே அங்கே சட்டம்.

ஆனால் பலவுள் தெரிவு வினாக்களைப் பொறுத்தவரை, பெரும்பான்மையை நம்புவது ஆபத்தானது. அதற்குக் காரணம் வினா தயாரிக்கும் முறையிலேயே இருக்கிறது. வினா அமைப்பவர் சரியான விடையை எழுதிவிட்டு மற்ற மூன்றையும் மனம்போனபடி நிரப்புவதில்லை. மாணவர் வழக்கமாகச் செய்யும் தவறு எதுவோ அதனால் கிடைக்கும் விடையையே வேண்டுமென்று அங்கே வைக்கிறார். எளிய எடுத்துக்காட்டு ஒன்று: ஒருவர் ஊருக்குச் செல்லும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலும், அதே வழியில் திரும்பும்போது 60 கிலோமீட்டர் வேகத்திலும் பயணம் செய்தார், அவருடைய சராசரி வேகம் என்ன? பத்தில் ஆறு பேர் 50 என்று எழுதுவர். விடைகளின் வரிசையில் 50 நிச்சயமாக இருக்கும். ஊர் 120 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி, வர 2 மணி. 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம். சராசரி 48. வட்டத்தில் 48 என்று சொல்லும் பிள்ளை தனியாளாகவே நிற்கும். பொறியில் ஒன்றாக விழுந்தவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சியாகி விடுகின்றனர்.

பிள்ளைகள் மட்டுந்தான் இப்படி ஒன்றாகத் தவறுகிறார்கள் என்று எண்ண வேண்டா. வினா அமைத்த பெரியவர்களும் அதே பொறியில் விழுந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் எஸ்.ஏ.டி. என்னும் தேர்வில், 1982ஆம் ஆண்டு மே மாதம் கேட்கப்பட்ட வினா அது. சிறிய வட்டம் ஒன்று. பெரிய வட்டம் ஒன்று. சிறியதன் ஆரம் பெரியதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறிய வட்டம் பெரிய வட்டத்தின் விளிம்பைத் தொட்டபடியே உருண்டு சென்று, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து சேருகிறது. அதற்குள் அது எத்தனை சுழற்சி சுழன்றிருக்கும்? தரப்பட்ட விடைகள் ஐந்து: ஒன்றரை, மூன்று, ஆறு, நான்கரை, ஒன்பது.

பெரிய வட்டத்தின் சுற்றளவு சிறியதன் சுற்றளவைப் போல் மூன்று மடங்கு. ஆகவே மூன்று சுழற்சி என்று தோன்றும். வினா அமைத்தவர்களுக்கும் அப்படியே தோன்றியது. அதைச் சரிபார்த்தவர்களுக்கும் அப்படியே தோன்றியது. சரியான விடையோ நான்கு. அந்த நான்கு, தரப்பட்ட ஐந்து விடைகளில் எங்குமே இல்லை!

நம்பிக்கை வரவில்லையெனில், ஒரே அளவான இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை எடுத்து மேசைமேல் வையுங்கள். கீழே ஒன்று, அதன் தலைமேல் ஒன்று. கீழ் நாணயத்தை விரலால் அசையாமல் அழுத்திக்கொண்டு, மேல் நாணயத்தை வழுக்காமல் அதன் விளிம்போடு உருட்டுங்கள். அது பாதி வழி சென்று கீழ் நாணயத்தின் அடிப்பக்கம் வரும்போதே சிங்க முத்திரை நிமிர்ந்து நிற்பதைக் காண்பீர்கள். அதாவது பாதி வழியிலேயே ஒரு முழுச் சுழற்சி முடிந்துவிட்டது. முழு வழியும் சென்றால் இரண்டு. சுற்றளவுகள் சமமாயிருக்கும்போது ஒன்று என்று நாம் எதிர்பார்த்தோம், கிடைப்பது இரண்டு. நேர்க்கோட்டில் உருண்டால் வரும் எண்ணிக்கையோடு, வட்டமாகச் சுற்றி வருவதால் ஒன்று கூடுகிறது. நம் ஊர்த் திருவிழாவில் சப்பரம் நான்கு வீதியும் சுற்றிக் கோயில் வாசலுக்கு வருவதை எண்ணிப் பாருங்கள். சப்பரத்தை எவரும் தனியே சுழற்றுவதில்லை. ஆயினும் சுற்றி வந்து சேர்வதற்குள் அதன் முகம் நான்கு திசைகளையும் பார்த்து ஒரு முறை திரும்பிவிடுகிறது. அந்த ஒன்றுதான் இங்கே கூடுதலாய் வருவது. பூமி ஓராண்டில் விண்மீன்களை நோக்க ஏறத்தாழ 366 முறை சுழன்றும், நாம் 365 பகல்களையே எண்ணுவதும் இதே கணக்குத்தான்.

அந்த வினாவை எதிர்கொண்ட மாணவர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். வினா தவறு என்று தேர்வு நடத்தியோருக்கு எழுதி மெய்ப்பித்தவர் மூன்று பேர்: ஷிவன் கர்த்தா, புரூஸ் டாப், டக் யுங்கிரைஸ். அந்த வினா கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, மதிப்பெண்கள் திரும்பக் கணக்கிடப்பட்டன. அன்று தேர்வு முடிந்து எத்தனையோ பள்ளி வாயில்களில் எத்தனையோ வட்டங்கள் கூடியிருக்கும். அங்கெல்லாம் 'மூன்று' என்றவர்கள் மகிழ்ந்திருப்பர். நாணயம் போல் மனத்திற்குள் உருட்டிப் பார்த்து 'நான்கு' என்று கண்டு, அது வரிசையில் இல்லாததால் திகைத்து, ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு வந்த பிள்ளை தன்னையே நொந்துகொண்டிருக்கும். இதை எண்ணும்போது, பரிட்சையின் தவறைக் காட்டிலும் இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதற்கு இரண்டாண்டு முந்திய நிகழ்ச்சி இன்னும் சுவையானது. 1980ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே பி.எஸ்.ஏ.டி. என்னும் முன்னிலைத் தேர்வு நடந்தது. சதுர அடி கொண்ட கூம்பகம் ஒன்று. முக்கோண அடி கொண்ட கூம்பகம் ஒன்று. இரண்டிலும் எல்லா விளிம்புகளும் ஒரே நீளம். இவற்றின் முக்கோண முகங்களில் ஒவ்வொன்றை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துமாறு ஒட்டினால், கிடைக்கும் உருவத்துக்கு எத்தனை முகங்கள்? ஐந்தும் நான்கும் ஒன்பது, ஒட்டியதில் மறைந்தவை இரண்டு, மீதி ஏழு. இதுவே தேர்வு நடத்தியோர் வைத்திருந்த விடை.

ஃபுளோரிடா மாநிலத்துக் கோகோ பீச் என்னும் ஊரைச் சேர்ந்த டேனியல் லோவன் என்ற பதினேழு வயது மாணவர் ஐந்து என்று குறித்தார். ஒட்டும்போது இரு பக்கங்களிலும் ஒரு கூம்பகத்தின் முகமும் மற்றதன் முகமும் ஒரே சமதளத்தில் அமைந்து ஒரே முகமாகி விடுகின்றன என்பது அவர் கண்டது. ஏழில் இரண்டு குறைந்து ஐந்து. பழைய திருமண அழைப்பிதழ் அட்டையை வெட்டி ஒட்டிச் செய்து பார்த்தால் எவரும் இதைக் காணலாம். ஒரே அளவான சதுரக் கூம்பகங்கள் இரண்டை அடிவிளிம்பு ஒட்டியிருக்க அருகருகே வையுங்கள். இரு உச்சிகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு விளிம்பின் நீளமே. அவற்றுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் முக்கோணக் கூம்பகம் தைத்தாற்போல் பொருந்தும். முன்பக்கம் முழுவதும் ஒரே பலகைபோல் சமமாக இருக்கும். என் மாணவர் பலர் இதைச் செய்து பார்த்துக் கைதட்டிச் சிரித்ததுண்டு. 1981 மார்ச்சில் தேர்வு நடத்தியோர் அந்த மாணவரின் விடையே சரியென்று ஒப்புக்கொண்டனர். ஏறத்தாழ 2,40,000 மாணவரின் மதிப்பெண் உயர்ந்தது.

இது எப்படி இயன்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் அந்தத் தேர்வுகளின் வினாக்களையும் விடைகளையும் மாணவருக்குக் காட்டும் வழக்கம் இல்லை. நியூயார்க் மாநிலம் 1979இல் ஒரு சட்டம் இயற்றி, தேர்வுக்குப் பின் அவற்றை வெளியிடச் செய்தது. அதன் பிறகே மற்ற இடங்களிலும் கதவு திறந்தது. பிள்ளை தன் விடையை ஒப்பிட்டுப் பார்ப்பது குற்றமன்று. எதனோடு ஒப்பிடுகிறது என்பதே கேள்வி. நண்பனின் நினைவோடு ஒப்பிடுவது வேறு. அச்சிட்ட வினாவையும் அதிகாரமுள்ள விடைக்குறிப்பையும் முன்னே வைத்துக்கொண்டு ஒப்பிடுவது வேறு.

நம் நாட்டில் தேசியத் தேர்வு முகமை 2019 முதல் நடத்திவரும் பொறியியல் நுழைவுத் தேர்வாகிய ஜே.இ.இ. மெயினில் இவ்வழி இருக்கிறது. மாணவர் கணினியில் குறித்த விடைகளையும், தற்காலிக விடைக்குறிப்பையும் வெளியிடுகின்றனர். குறிப்பு தவறென்று கருதுவோர், வினா ஒன்றுக்கு 200 ரூபாய் செலுத்தி மறுப்புத் தெரிவிக்கலாம். (சரியாகச் சுட்டிக்காட்டியவருக்கேனும் அந்த இருநூறைத் திருப்பித் தரலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது, தருவதில்லை.) அத்தேர்வில் வெவ்வேறு நாள்களிலும் வேளைகளிலும் வெவ்வேறு தாள்கள் வருவதால், காலையில் எழுதியவன் மாலையில் எழுதியவனோடு ஒப்பிட்டுக் கலங்குவதில் பொருளே இல்லை. அப்படியும் கலங்கத்தான் செய்கிறார்கள். அங்கே சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கூடும். தவறான விடைக்கு ஒன்று குறையும். ஆகவே 'எழுதாமல் விட்டிருக்கலாமே' என்ற புதுவகை வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

வருத்தங்களில் மிகவும் கசப்பானது, முதலில் சரியாக எழுதி, பின்பு அடித்து மாற்றியது தவறாய்ப் போனதுதான். "முதலில் 'இ' என்றுதான் எழுதினேன், மாற்றிவிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொள்ளாத வட்டத்தை நான் கண்டதில்லை. இதைக் கேட்டுக் கேட்டு, 'முதலில் தோன்றியதை மாற்றாதே' என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் ஆசிரியர்களும் பெருகிவிட்டனர். நானும் பல்லாண்டு அப்படியே சொல்லி வந்தேன். ஜஸ்டின் குரூகர் முதலிய உளவியலாளர் மூவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் விடைத்தாள்களில் இருந்த அழிப்புத் தடங்களை எண்ணிப் பார்த்தனர். மாற்றியவற்றுள் ஏறத்தாழப் பாதி, தவறிலிருந்து சரியானதற்கு மாறியவை. சரியிலிருந்து தவறுக்கு மாறியவை கால் பங்கே. மற்றவை ஒரு தவறிலிருந்து இன்னொரு தவறுக்கு. மாற்றியதால் பெற்றதை எவரும் நினைவில் வைப்பதில்லை. மாற்றியதால் இழந்ததையே மனம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் என் அறிவுரையை மாற்றிக்கொண்டேன்.

நம் திருச்சபையின் கல்வி மரபில் இதற்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு என்பதை ஓய்வு பெற்ற பிறகே படித்தறிந்தேன். இயேசு சபையினர் தங்கள் கல்விக்கூடங்கள் அனைத்துக்குமாக 1599ஆம் ஆண்டு, அதிபர் குளோதியோ அக்குவாவீவா அடிகளார் காலத்தில், 'ராத்சியோ ஸ்டூடியோரும்' என்னும் பாடத்திட்ட நூலை வெளியிட்டனர். அதில் எழுத்துத் தேர்வுக்கென்றே சில விதிகள் உள்ளன. அருகருகே அமர்ந்த இருவரின் தாள்கள் ஒத்திருந்தால் இருவரையும் ஐயுற வேண்டும், எவன் எவனைப் பார்த்தான் என்று அறிய முடியாதாகையால் என்கிறது ஒரு விதி. ஐயத்துக்கு இடமாக எழுதினால் அது மாணவனுக்குப் பாதகமாகவே கொள்ளப்படும் என்கிறது மற்றொன்று. தாளைக் கொடுக்குமுன் நன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டும். கொடுத்துவிட்ட பின் திருத்த இடமில்லை. எழுதிக் கொடுத்தவன் தன் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு மௌனமாக உடனே வெளியேற வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தத் துறவியரும் பிள்ளைகளின் வட்டத்தை நன்கு அறிந்திருந்தனர் போலும்! அவர்களுடைய நோக்கம் எஞ்சியோரின் அமைதி குலையாமை என்பதே நேர்பொருள். ஆயினும் அந்த மௌனம் வெளியேறுகிறவனுக்கும் நன்மை செய்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

இப்போதோ பிள்ளை மௌனமாக வெளியேறினாலும், வீட்டில் மௌனம் காத்திருப்பதில்லை. தேர்வு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் யார் யாரோ தயாரித்த விடைக்குறிப்புகள் கைப்பேசியில் வந்து விழுகின்றன. அவற்றுள் சில அவசரத்தில் எழுதப்பட்டவை, ஒன்றுக்கொன்று முரணானவை. தகப்பனார் பணியிடத்திலிருந்து, "பதினான்கில் எத்தனை?" என்று கேட்கிறார். பிள்ளைக்கு அடுத்த தேர்வு மறுநாளோ மறுமறுநாளோ இருக்கிறது. ஒரு மதிப்பெண் போயிற்றா இல்லையா என்ற ஆராய்ச்சியில் ஓர் இரவு போகிறது. அந்த இரவோடு அடுத்த பாடத்தின் பத்து மதிப்பெண் போகிறது. தேர்வுத் தொடங்குமுன் ஞாயிறு திருப்பலியில் எழுதுகோல்களையும் நுழைவுச்சீட்டையும் பீடத்தருகே வைத்து ஆசீர் பெறுகிறோம். மாணவரின் பாதுகாவலராகிய புனித குப்பெர்த்தீனோ யோசேப்பிடம் மன்றாடுகிறோம். தேர்வு முடிந்து வந்த பிள்ளைக்கு ஒரு குவளை மோர் தருவதற்கு முன் விடைக்கணக்குக் கேட்கிறோம். இந்த வருத்தம் உயிருக்கே உலை வைத்த வீடுகளும் நம்மிடையே உண்டு. சோறு வேண்டா என்று கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையைத் தனியே விடலாகாது. 104 என்ற எண்ணிலும், 14416 என்ற எண்ணிலும் இரவு பகலாக ஆலோசனை கிடைக்கிறது.

இனி, என் கதை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன். அன்றும் கணிதத் தேர்வுதான். பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல வாயிலருகே நின்றிருந்தேன். பாதி அன்பு, பாதி என் பாடத்தில் அவர்கள் எப்படி எழுதினார்கள் என்று அறியும் ஆவல். வழக்கம்போல் வட்டம் கூடியது. ஒரு மாணவன் ஓடிவந்து, "சார், திண்ம அரைக்கோளத்தின் புறப்பரப்பு என்ன, சார்?" என்றான். நான் சிறிதும் தாமதியாமல், "வளைபரப்புத்தானே? இரண்டு பை ஆர் ஸ்கொயர். 'ஆ' " என்றேன். வட்டத்தில் ஓர் ஆரவாரம். சிலர் குதித்தனர். "நான் சொன்னேனில்லையா!" என்றது ஒரு குரல். நானும் மகிழ்ந்து, அடுத்த வினாவுக்குச் சென்றேன்.

வட்டத்தின் ஓரத்தில் எங்கள் கோயில்பிள்ளையின் மகள் நின்றிருந்தாள். நன்றாகப் படிக்கும் பெண், அதிகம் பேசாதவள். அவள் எப்போது அங்கிருந்து சென்றாள் என்று நான் பார்க்கவில்லை.

அன்று மாலை கோயிலில் திரிகால செப மணி அடித்து அரைமணி நேரம் சென்றிருக்கும். கோயில்பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, பிள்ளை மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. அழுதுகொண்டே இருக்கிறது. அறிவியல் பரிட்சைக்குப் போகமாட்டேன் என்கிறது. கணக்கில் என்ன ஆயிற்று, ஐயா?"

"நன்றாகத்தானே எழுதியிருப்பாள்? என்ன சொல்லுகிறாள்?"

"ஏதோ ஒன்றுக்கு விடை தப்பென்று நீங்களே சொன்னீர்களாம். அதைச் சரியென்று நினைத்துத்தான் எழுதினாளாம். அது தப்பென்றால் மற்றதெல்லாமும் தப்பாய்த்தான் இருக்கும் என்கிறாள்."

அவர் வினாத்தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். விளக்கின் அடியில் பிரித்துப் பார்த்தேன். திண்ம அரைக்கோளத்தின் மொத்தப் புறப்பரப்பு என்று அச்சிட்டிருந்தது. 'மொத்த' என்ற சொல்லின் கீழே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்திருந்தாள் அந்தப் பெண். வளைபரப்போடு தட்டையான வட்டப் பரப்பையும் சேர்த்தால் மூன்று பை ஆர் ஸ்கொயர். விடை 'இ'. என்னிடம் கேட்ட மாணவன் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுக் கேட்டான். தாளை வாங்கிப் பார்க்கும் எண்ணமே எனக்கு வரவில்லை. அவள் தன் கையில் தாளையும் கோட்டையும் வைத்துக்கொண்டே, ஆசிரியர் சொன்னதால் தன் கண்ணை நம்பாமல் போனாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன். கோயிலுக்குப் பின்புறம் ஓட்டு வீடு. அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுடைய தாயார் எழுப்பிவிட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை.

"அம்மா, நீ எழுதியது சரி. நான் சொன்னது தவறு. தாளைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "மற்ற பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டீர்களா, சார்?" என்று கேட்டாள்.

நான் சொல்லியிருக்கவில்லை. அவளைத் தேற்றுவதைப் பற்றி மட்டுமே நினைத்து வந்தேன். 'ஆ' எழுதிவிட்டு நான் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்து போனவர்களிடம் இப்போது போய் அது தவறென்று சொல்வதா? 'இ' எழுதிவிட்டு அழுதுகொண்டிருப்பவர் வேறு எவரேனும் உண்டா? எனக்குத் தெரியாது. அவள் இருவர் பெயரைச் சொன்னாள். ஒருத்தி பக்கத்துத் தெருவிலும், மற்றவன் கண்மாய்க்கு அப்பாலிருந்த குடியிருப்பிலும் இருந்தார்கள். கோயில்பிள்ளை தம் மிதிவண்டியை எடுத்தார். நான் பின்னால் அமர்ந்துகொண்டேன். இரண்டு வீடுகளுக்கும் சென்று சொல்லிவிட்டுத் திரும்பியபோது மணி ஒன்பதரை. மகிழ்ந்துபோன பிள்ளைகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேர்வு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். அது சரியா என்று இன்றும் எனக்குள் ஒரு கேள்வி உண்டு.

நான் திரும்பி வந்து கோயில் மதில் ஓரம் இறங்கியபோது, அந்த வீட்டின் திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு அவள் அறிவியல் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அருகே ஒரு தட்டு காலியாக இருந்தது.

ஒரு நாள் விட்டு மறுநாள் அறிவியல் தேர்வு. அன்றும் வாயிலில் நின்றேன். இம்முறை ஒரு பானைத் தண்ணீரையும் குவளைகளையும் வைத்துக்கொண்டு. ஒன்றேகால் மணிக்கு வட்டம் கூடியது. "சார், வாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். "கடைசித் தேர்வு முடியட்டும். தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள், எல்லாவற்றையும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்" என்றேன். சிலர் முணுமுணுத்தனர். கோயில்பிள்ளையின் மகள் படியிறங்கி வந்தாள். வினாத்தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மரத்தடியில் தகப்பனார் மிதிவண்டியோடு நின்றிருந்தார். பின்னால் ஏறி அமர்ந்துகொண்டாள்.